டர்போ வந்தது, பம்ப் வரவில்லை!

ஈப்போவிலிருந்து கோலகங்சார் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்கு அந்த ஏற்றம் தெரிந்திருக்கும். ஜெலாப்பாங்கைத் தாண்டியதும் சாலை மலைமேல் ஏறத் தொடங்கும். மெனோரா சுரங்கப் பாதை வரை லாரிகள் முக்கி முனகிக்கொண்டு இடப்புறமாக ஊர்ந்து போகும். கார்காரர்கள் வலப்புறம் ஒதுங்கி விரைவார்கள். அந்த ஏற்றத்தின் நடுவில்தான் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனுடைய கஞ்சில் கார், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நீலப் புகையைக் கக்கிவிட்டு நின்று போனது.

பையனுக்கு வயது இருபத்து மூன்று. செம்பனை ஆலையில் வேலை. தந்தையார் தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐம்பத்தைந்து வயதில் எடுத்த சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைத்தான், "தம்பி ஆசைப்படுறான், நாளைக்கு இதையே தொழிலாக் கத்துக்கட்டும்" என்று கொடுத்திருந்தார். அந்தப் பணத்தில் டர்போ இயந்திரம் வந்தது, பிறகு அதைவிடப் பெரிய டர்போ ஒன்றும் வந்தது. பானெட்டில் மூக்குப் போல ஒரு காற்றுத் துளையும், சக்கரங்களும், ஸ்டிக்கர்களும் வந்தன. வராதது ஒன்றே ஒன்று. எண்ணெய்த் தொட்டிக்குள் கிடக்கும், கைவிரல் நீளமே உள்ள, யார் கண்ணிலும் படாத ஒரு சிறு பம்ப்.

மறுநாள் பட்டறையில் இயந்திரத்தைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மூன்று பிஸ்டன்களில் ஒன்றின் தலையில் ஐந்து காசு அளவுக்கு ஓட்டை. ஓரங்கள் மெழுகு உருகியது போல வழிந்திருந்தன. பெரியவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டர்போ நல்ல டர்போதான் மாமா," என்றார் மெக்கானிக். "எண்ணெய் போய்ச் சேரலே. அதான் கதை."

"எண்ணெய் தொட்டியில கால்வாசி இருந்திச்சே?"

"தொட்டியில இருந்திச்சு. இன்ஜின்ல இல்லையே!"

இந்தப் பதிலை விளக்கவே இக்கட்டுரை. ஏனெனில் இன்று எந்தத் தோட்டத்திற்குப் போனாலும், எந்தச் சிறு பட்டணத்து வீடமைப்புப் பகுதிக்குப் போனாலும், கஞ்சில், சாகா, வீரா ஆகிய கார்களில் கைவைக்காத பிள்ளைகளைக் காண்பது அரிது. அவர்களில் பலர் நல்ல கைகாரர்கள். படித்துப் பட்டம் பெறாவிட்டாலும் இயந்திரத்தின் மொழி அவர்களுக்குத் தெரியும். ஆனால் காற்றைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு எண்ணெயைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

ஆலையில் பார்த்ததுதான்

டர்போ என்பது புதுமையான பொருள் அல்ல. சுவிட்சர்லாந்து நாட்டு எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூக்கி என்பவர் 1905-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டே இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் திணிக்கலாம் என்பது அவர் கண்ட வழி.

செம்பனை ஆலையில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நாரையும் ஓட்டையும் எரித்து, கொதிகலனில் நீராவி உண்டாக்கி, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றித்தானே ஆலைக்கு மின்சாரம் எடுக்கிறார்கள்? அதே டர்பைனைத் தேங்காய் அளவுக்குச் சுருக்கி, நீராவிக்குப் பதிலாகப் புகையைப் பாய்ச்சினால் டர்போவின் ஒரு பாதி கிடைத்துவிடும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கும். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இயந்திரத்துக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் அது. கஞ்சில் போன்ற சிறு கார்களுக்கான குட்டி டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும்.

இப்படித் திணித்த காற்றினால் என்ன லாபம்? நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கே சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு அழுத்தம் உண்டு. சாதாரண கார் அதைத்தான் மூச்சாக இழுக்கிறது. டர்போ அதன்மேல் 7 பவுண்டு சேர்த்தால், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகும். 14.7 பவுண்டு சேர்த்தால் இரண்டு மடங்கு. அமுக்கும்போது காற்று சூடாகிவிடுவதால் கணக்கு சற்றுக் குறையும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் இன்டர்கூலர் வைக்கிறார்கள். பானெட்டில் மூக்குத் துளை வைப்பதும் இதற்காகவே. கீழே இன்டர்கூலர் இல்லாமல் துளை மட்டும் வைத்துக்கொண்டு திரிகிற கார்களும் நம்மிடையே உண்டு. அது வேறு கதை.

காற்று எத்தனை விலை உயர்ந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். உலக ராலிப் போட்டியில் யாருடைய டர்போவும் அளவுக்கு மீறிக் காற்றிழுக்கக் கூடாது என்று, 1995-இல் காற்று நுழையும் வழியை 34 மில்லிமீட்டருக்குச் சுருக்கி ஒரு வளையம் வைக்கச் சொன்னார்கள். அவ்வாண்டு ஸ்பெயினின் கத்தலூனியா போட்டியில், டொயோட்டா குழுவினரின் செலிக்கா கார்களில் அந்த வளையத்தைச் சுற்றிக் கள்ளத்தனமாகக் காற்று போக வழி செய்திருந்தது பிடிபட்டது. பிரித்துப் பார்த்தால் மூடிக்கொள்ளும்படி அத்தனை நுட்பமாகச் செய்திருந்தார்களாம்! ஓராண்டுக்குப் போட்டிகளிலிருந்தே விலக்கி வைத்தார்கள். சில மில்லிமீட்டர் காற்றுக்காக நடந்த திருட்டு இது.

காற்று வந்தால் போதுமா?

இங்கேதான் நம் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். காற்று எரியாது. எரிவது பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். (மேலே சொன்ன 14.7-க்கும் இதற்கும் தொடர்பில்லை. எண் ஒன்றாக அமைந்தது தற்செயல்.) ஆனால் டர்போ முழு மூச்சில் வேலை செய்யும்போது அந்தக் கணக்கு உதவாது. 12 கிலோ காற்றுக்கே ஒரு கிலோ பெட்ரோல் கொடுக்க வேண்டும். உபரியாகப் போகும் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே சூட்டைத் தணிக்கிறது. அது வீண் செலவல்ல. இயந்திரத்துக்குக் கொடுக்கும் காவல்.

அந்த உபரி கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? எரியறையின் வெப்பம் 2,000 டிகிரிக்கு மேல். பிஸ்டனோ அலுமினியம். சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிறகு பிஸ்டன் எப்படித்தான் தாங்குகிறது என்று கேட்பீர்கள். அதன் தலையை ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று போர்வை போலக் காக்கிறது. அடியில் எண்ணெயும் பக்கத்தில் தண்ணீரும் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. பெட்ரோல் குறைந்து சூடு ஏறினால், மெழுகுவர்த்தி போல ஒழுங்காகப் பரவி எரிய வேண்டிய கலவை, மூலையில் தானாகவே வெடிக்கிறது. சுத்தியலால் தட்டுவது போல 'டக் டக்' என்று கேட்குமே, அதுதான். அந்த அதிர்ச்சியில் வாயுப் போர்வை கிழிந்துவிடும். அப்புறம் பிஸ்டன் பிழைக்க வழியில்லை. சில விநாடிகள் போதும்.

இந்த நோய் டர்போவோடு கூடவே பிறந்தது. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 'ஜெட்ஃபயர்' என்ற டர்போ காரை விற்றது. வெடிச் சூட்டைத் தணிக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதை ஊற்ற மறந்தார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்ற வேண்டியதாயிற்று. 1977-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முதன்முதலாக டர்போ கொண்டுவந்த ரெனோ காருக்கு எதிரிகள் வைத்த பட்டப்பெயர் 'மஞ்சள் தேநீர்க் கெண்டி'. அத்தனை முறை புகைந்து நின்றது. இரண்டு ஆண்டு பாடுபட்டு, 1979-இல் பிரெஞ்சுப் பந்தயத்தில் வென்ற பிறகுதான் சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். பெரிய கம்பெனிகளே அடிபட்டுக் கற்ற பாடம் இது என்பதால், நம் பையன் ஒருவன் தடுக்கி விழுந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாதி வண்டியின் மறுபாதி

நம் நாட்டில் டர்போ ஆசைக்கு வழி திறந்துவிட்டவை 'பொத்தோங் கடை'கள். ஜப்பானில் கழித்துப் போட்ட கார்களின் முன்பாதியை அறுத்துக் கப்பலேற்றி இங்கே விற்கிறார்கள். 'ஹாஃப் கட்' என்பது இதுதான். 1994-இல் வெளிவந்த கஞ்சில், டைஹாட்சு மீராவின் உடன்பிறப்பு. முதலில் வந்த 659 சிசி கஞ்சிலின் பலம் முப்பத்தொரு குதிரைசக்தி அளவே. ஜப்பானில் அதே மீராவுக்கு அதே 659 சிசி-யில் டர்போ வைத்து 64 குதிரைசக்தி எடுத்தார்கள். அந்த இயந்திரம் அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் கஞ்சிலில் உட்கார்ந்துகொள்ளும். சுமார் 700 கிலோ எடையே உள்ள காரில் பலம் இருமடங்கானால் எப்படி ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீராவும் இப்படித்தான். அது மிட்சுபிஷி லான்சரின் வழி வந்தது என்பதால், லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ இயந்திரம் அதற்குள் பொருந்துகிறது. நம் கரம்ஜித் சிங் 2002-இல் உலக ராலியின் உற்பத்திக் கார் பிரிவில் வாகை சூடிய புரோட்டோன் பெர்ட் காரும் மிட்சுபிஷி குடும்பத்து டர்போதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பாதி வண்டி வாங்குகிறோம். முன்பாதி. இயந்திரம் வருகிறது, கியர் பெட்டி வருகிறது, கம்ப்யூட்டர் பெட்டியும் வயர்களும் வருகின்றன. பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது? பின்பாதியில். பம்ப் எங்கே இருக்கிறது? அந்தத் தொட்டிக்குள். ஜப்பானில் அறுத்தபோதே அது மறுபாதியோடு போய்விட்டது!

நம் பையனுடைய கஞ்சில் கார்புரேட்டர் வைத்த பழைய வகை. கார்புரேட்டருக்கு மூன்று முதல் ஆறு பவுண்டு அழுத்தம் இருந்தால் தாராளம். இன்ஜெக்ஷன் இயந்திரத்துக்கோ நாற்பது பவுண்டுக்கு மேல் வேண்டும். ஆகவே அந்தப் பம்ப் உதவாது என்பது அவனுக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்தான்? பழைய இரும்புக் கடையில் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய பம்பை, அது எத்தனை ஆண்டு ஓடியது என்றுகூடக் கேட்காமல், வாங்கி மாட்டிவிட்டான். முதலில் வந்த சின்ன டர்போவுக்கு அது எப்படியோ ஈடுகொடுத்தது. பெரிய டர்போ வைத்து அழுத்தத்தைக் கூட்டியதும்தான் குட்டு வெளிப்பட்டது.

மருந்தடிக்கும் பம்ப் சொல்லும் கணக்கு

தோட்டத்தில் முதுகில் பம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்தடித்த நம் தாய்மார்களுக்கு இந்த இடம் நன்றாக விளங்கும். மூக்கைத் திறந்து விட்டால் மருந்து நிறைய வரும். ஆனால் வேகம் இருக்காது. மூக்கை இறுக்கினால் வேகமாகப் பீச்சும், அளவு குறைந்துவிடும். கை ஒன்று, வலு ஒன்று. அழுத்தம் கூடினால் அளவு குறையும். பெட்ரோல் பம்பும் அப்படியேதான்.

டர்போ காரில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. இன்ஜெக்டரின் ஒரு பக்கம் பெட்ரோல் 43 பவுண்டு அழுத்தத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கம் டர்போ 10 பவுண்டு காற்றை எதிர்த்துத் தள்ளுகிறது. அப்படியானால் பெட்ரோலின் உண்மையான வேகம் 33 பவுண்டாகக் குறைந்துவிடும். அதை ஈடுசெய்ய, காற்றழுத்தம் ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தையும் அதே அளவு ஏற்றிவிடும் ஒரு கருவி உண்டு. அதை ரெகுலேட்டர் என்பார்கள். 10 பவுண்டு காற்றுக்கு 53 பவுண்டு பெட்ரோல். ஆக, இயந்திரம் மிக அதிகமாக எண்ணெய் கேட்கும் அதே நொடியில், பம்பின் வேலை மிகக் கடினமாகி, அது தரக்கூடிய அளவு மிகக் குறைவாகிறது. வீட்டு வாசலில் நின்று சும்மா உறுமவிட்டுப் பார்த்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது. ஏற்றத்தில்தான் தெரியும்.

எத்தனை லிட்டர் வேண்டும் என்று ஒரு தோராயக் கணக்கு. டர்போ பெட்ரோல் இயந்திரம் முழு வேகத்தில் ஒரு குதிரைசக்திக்கு ஒரு மணி நேரத்தில் லிட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 0.37 லிட்டர் அளவில் குடிக்கும். 200 குதிரைசக்தி என்றால் மணிக்கு 74 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். 300 என்றால் 111 லிட்டர். வீராவில் டர்போ வைப்பவர்கள் மணிக்கு 255 லிட்டர் என்று போட்ட பம்பை விரும்பி வாங்குவதற்குக் காரணம் இதுவே. "111 போதுமென்றால் 255 எதற்கு?" என்று கேட்கலாம். அந்த 255 என்பது 40 பவுண்டு அழுத்தத்தில், நல்ல மின்சாரத்தில் அளந்தது. 60 பவுண்டில் அது தராது. பழுத்த வயர் வழியே மின்சாரம் போனால் இன்னும் தராது.

இந்த வயர் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இயந்திரம் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இருபது ஆண்டுப் பழைய, நூல் போன்ற வயர் வழியே அது வண்டியின் பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள் 11 ஆகக் குறைந்துவிடுவதுண்டு. புதுப் பம்ப் வாங்கியும் பயனில்லை என்று குறைப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த வயர் ஒன்றை நேராக இழுத்து, ரிலே மூலம் பம்புக்குக் கொடுத்தால் தீர்ந்தது. பழைய வயர் அந்த ரிலேயைத் தட்டிவிட மட்டும் பயன்படும். இருபது, முப்பது வெள்ளிச் சாமான். இதைச் செய்யாமல் நூற்றுக்கணக்கில் செலவழிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கால்வாசி எண்ணெய் ஏன் போதவில்லை?

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் தேங்கி நிற்கும். வளைவிலோ ஏற்றத்திலோ தொட்டியில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, இரண்டு விநாடி பம்ப் காற்றை உறிஞ்சினாலும், அந்தக் கிண்ணம் காப்பாற்றிவிடும். இன்ஜெக்ஷனில் கிண்ணம் கிடையாது. பம்ப் ஒரு மூச்சுக் காற்றை விழுங்கினால், அடுத்த நொடியே இயந்திரம் பட்டினி. இதற்காகவே இன்ஜெக்ஷன் கார்களின் தொட்டிக்குள், பம்பைச் சுற்றி எண்ணெய் விலகாதபடி சிறு அறை ஒன்றைத் தடுத்து வைத்திருப்பார்கள். கார்புரேட்டர் காலத்துத் தொட்டியில் அது இல்லை. பையன் அதே தொட்டியைத்தான் பயன்படுத்தினான். மலை ஏற்றம், வளைவு, கால்வாசி எண்ணெய், கிழட்டுப் பம்ப், மெல்லிய வயர், மேலே பெரிய டர்போ! எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

இதற்கு மாற்று, இன்ஜெக்ஷன் காரின் தொட்டியையே தேடி மாட்டுவது. அல்லது ஓரிரு லிட்டர் பிடிக்கும் தனிச் சிறு தொட்டி வைத்து, பழைய பம்ப் அதை நிரப்ப, பெரிய பம்ப் அதிலிருந்து எடுக்கும்படி செய்வது. இன்ஜெக்டர் குடித்தது போக மிஞ்சும் பெட்ரோல் திரும்பிவரும் குழாயும் தேவையான அகலம் இருக்க வேண்டும்.

குழாய் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ரப்பரில் பிறந்து ரப்பரில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம் பால் மரத்து இயற்கை ரப்பருக்கும் பெட்ரோலுக்கும் ஆகாது. ஊறி, வீங்கி, கொழகொழவென்று ஆகிவிடும். எண்ணெய்க் குழாய்க்குச் செயற்கை ரப்பர்தான் வேண்டும். அதிலும் தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் துண்டுக் குழாய்க்கு, உள்ளும் புறமும் பெட்ரோலைத் தாங்கும் தனி வகை உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டிய ஒரு காரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நாற்பது பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோல் பீச்சும் இடத்துக்குப் பக்கத்தில், செக்கச் சிவக்கக் காயும் டர்போ இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அங்கே போவது பிஸ்டன் அல்ல, பிள்ளை.

டீசல் வேறு, பெட்ரோல் வேறு

அன்று பட்டறையில் பெரியவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "நான் முப்பது வருஷம் டர்போ லாரி ஓட்டினவன். காத்து அதிகமாப் போயி இன்ஜின் கெட்டதா நான் பார்த்ததே இல்லையே தம்பி."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது டீசல். டீசல் இயந்திரத்தில் காற்று எவ்வளவு போனாலும் தொல்லையில்லை. எரிய வேண்டிய அளவு டீசலை மட்டும் கடைசி நொடியில் பீச்சுவதால், காற்று மிஞ்சினால் சூடு குறையவே செய்யும். டீசலை அதிகமாகக் கொடுத்தால்தான் கறும்புகையும் கொதிப்பும். பெட்ரோல் டர்போவில் கதை தலைகீழ்: எண்ணெய் குறைந்தால்தான் ஆபத்து. லாரி, டிராக்டர் அனுபவமுள்ள தந்தைமார்கள் பிள்ளைக்குப் புத்தி சொல்லும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். அனுபவம் பெரிது, ஆனால் அது எந்த இயந்திரத்தில் கிடைத்த அனுபவம் என்பதும் பெரிது.

எதை முதலில் வாங்குவது?

பணம் ஒரே தடவையில் கையில் இருப்பதில்லை. மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க முடியும். அப்படியானால் வரிசை முக்கியம். நம்மவர்கள் கண்ணுக்குத் தெரிவதை முதலில் வாங்குகிறார்கள். டர்போ, அப்புறம் சத்தமெழுப்பும் வால்வு, அப்புறம் புகைக்குழாய். நான் கேட்டறிந்த நல்ல மெக்கானிக்குகள் எல்லாரும் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள்.

முதலில் அளவுமானிகள். காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்கின்றன என்று காட்டுவது ஒன்று, பெட்ரோல் அழுத்தம் காட்டுவது ஒன்று. பெட்ரோல் அழுத்த மானி இருந்தால் பம்பின் ஜாதகமே தெரிந்துவிடும். முன்பு சொன்ன கணக்குப்படி, டர்போ 10 பவுண்டு கொடுக்கும்போது முள் 43-லிருந்து 53-க்கு ஏற வேண்டும். ஏறாமல் 46-இல் தயங்கினாலோ, ஏறிவிட்டுச் சரிந்தாலோ, பம்ப் கைவிடுகிறது என்று பொருள். உடனே காலை எடுத்துவிட்டால் இயந்திரம் தப்பும்.

அடுத்து பம்ப், வடிகட்டி, வயர், ரிலே. பேர் பெற்ற பம்புகளுக்குப் போலிகள் ஏராளமாக நடமாடுகின்றன. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். தொட்டியின் அடியில் துருவும் சேறும் இருந்தால் புதுப் பம்பும் சில வாரங்களில் மூச்சடைக்கும். தொட்டியைக் கழுவிய பிறகே மாட்ட வேண்டும். பம்புக்குக் குளிர்ச்சி தருவது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். ஆகவே ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று அடித்து எப்போதும் தொட்டியை அடிமட்டத்தில் வைத்திருப்பவர்கள் பம்பைத் தாங்களே கொல்கிறார்கள்.

பிறகு இன்ஜெக்டர்களும், அவற்றை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரைச் சரிசெய்வதும். இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்தே கிடக்கும் நிலைக்குப் போகக் கூடாது. நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து பங்கு நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். அதைத் தாண்டினால் பெரிய இன்ஜெக்டர் தேவை. பம்ப் பெரிதாக இருந்து இன்ஜெக்டர் சிறிதாக இருந்தாலும் இயந்திரத்துக்குப் பட்டினிதான்.

கடைசியில்தான் டர்போ. அதிலும் 'பெரிதே நல்லது' என்ற எண்ணம் தவறு. பெரிய சக்கரம் சுழல நேரமாகும். சந்திப்பிலும் கம்பத்துச் சாலையிலும் சோம்பிக் கிடந்துவிட்டு, திடீரென்று முரட்டுத்தனமாகத் தள்ளும். 659 சிசி இயந்திரம் விடுகிற புகை கொஞ்சம்; அதற்கேற்ற டர்போவும் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். பழைய டர்போ வாங்கினால் அச்சை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறு அசைவு இருக்கும். சக்கரம் சுவரில் உரசினால் வேண்டாம். முன்னும் பின்னும் ஆடினாலும் வேண்டாம். மாட்டிய பின், வேகமாக ஓட்டிவந்து உடனே சாவியை அணைக்காமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லையேல் காய்ந்த அச்சில் எண்ணெய் கருகிப் படிந்துவிடும். பெட்ரோலும் ரோன் 97 போடுவது உத்தமம். 95 போட்டுக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டுவது, முன்பு சொன்ன 'டக் டக்' ஓசையை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும்.

பிரேக்கைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் பக்கம் போதாது. முப்பத்தொரு குதிரைக்காகச் செய்த பிரேக்கை வைத்துக்கொண்டு நூறு குதிரையைக் கட்டியிழுக்க முடியாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. இயந்திரத்தை மாற்றினால் ஜேபிஜே-க்குத் தெரிவித்து, சோதனைக்குக் காட்டி, பதிவில் திருத்திக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அங்கே எல்டிஏ அனுமதியின்றி டர்போவில் கைவைக்க முடியாது. காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றிய காருக்கு விபத்து நேர்ந்தால், இழப்பீடு மறுக்கப்படலாம். எதிரே வந்தவருக்கு ஏற்பட்ட நட்டம் குடும்பத்தின் தலையில் விழுந்தால், சேமநிதி முழுவதும் போனாலும் போதாது. வேகத்தைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு 1999-இல் திறந்த சிப்பாங் ஓடுதளம் இருக்கிறது. பலர் சேர்ந்து கட்டணம் கட்டி ஓட்டும் நாட்களும் அங்கே உண்டு. இரவு நேர நெடுஞ்சாலை அதற்குரிய இடமல்ல.

அந்தப் பையனின் கார் ஏழு மாதம் லயத்து வீட்டுக்குப் பின்னால், பழைய தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கோழிகள் அதில் முட்டையிட்டதாகக் கேள்வி. மேலதிக நேரம் வேலை செய்து சேர்த்த பணத்தில் அவன் முதலில் வாங்கியது அழுத்த மானி. அடுத்து இன்ஜெக்ஷன் கஞ்சிலின் தொட்டி. பிறகு புதுப் பம்பும் ரிலேயும். இயந்திரத்துக்குப் பழைய சின்ன டர்போவையே திரும்ப மாட்டினான். போன மாதம் தந்தையும் மகனுமாக அந்த ஏற்றத்தில் ஏறியிருக்கிறார்கள். பெரியவர் சாலையையே பார்க்கவில்லையாம். சுரங்கப் பாதை வரும்வரை முள்ளையே பார்த்துக்கொண்டு, "ஏறுது... ஏறுது... நிக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம்.

பெரிய டர்போ இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. கோணிச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான். தீபாவளி போனஸ் வந்தால் பெரிய இன்ஜெக்டர் வாங்கலாமா என்று மெக்கானிக்கிடம் விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.